ஒற்றைக் கண் காய்ச்சல்

செத்துப்போனவளுக்கு நூற்றியொரு டிகிரி காய்ச்சல் அடித்தது.

தையல் ஆலையின் முன்கூடத்தில், சுவரில் மாட்டியிருந்த திரையை அண்ணி அண்ணாந்து பார்த்தாள். திரை முழுக்க நீலமும் கறுப்பும். நடுவில், ஆள் உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு முகம். நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் தணல் போலக் கனிந்து தெரிந்தன. ஒரு கண் மஞ்சளாக ஜொலித்தது. இன்னொரு கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குழி.

இயந்திரம் அந்த முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, கீ கீ என்று கத்தியது.

அவளோடு வந்த ரேடியோ சடாரென்று திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தான். அங்கே யாருமில்லை. பழைய தையல் கூடத்துக்குப் போகும் வாசலை மூடி, கூரையிலிருந்து தரைவரை ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாள் தொங்கியது. அவ்வளவுதான்.

"அண்ணி, எனக்குப் பேய் மேல நம்பிக்கை கிடையாது. பேய்க்கு என்மேல நம்பிக்கை வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு."

"வாயை மூடிட்டு கண்ணைத் திற."

"ரெண்டையுமா? அதுக்கே ஒண்ணுதான் இருக்கு."

துப்பறிவாளர் என்று அவளுக்கு வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் கூடவே அலையும் கணவனின் தம்பி 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ் அதிகாரி முதல் பழக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். தம்பிக்கு ரேடியோ என்ற பெயர் பேச்சு வந்த வயதிலேயே ஒட்டிக்கொண்டது. முப்பது தாண்டியும் அவனை அணைக்கிற பொத்தானை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

திரையில் கட்டம் மெல்லக் கீழே இறங்கியது. நிற்க முடியாமல் சுவரோடு சரிந்து உட்காருகிறவரின் முகம் இறங்குகிற மாதிரி. பிறகு வெறும் நீலம்.

வெளியே கேட்டுக்கு அருகில் குழுமியிருந்த தையல்காரப் பெண்கள் யாரும் உள்ளே வருவதாக இல்லை.

"பாத்தீங்கல்ல?" என்றார் முதலாளி. இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி கலையாத முகம். "தினமும் காலையில ஆளுங்க வர்ற நேரத்துக்கு வந்துடுது. துணி வாங்குற கம்பெனி சொன்னாங்கன்னுதான் இந்த மெஷினை வெச்சோம். ஊர்ல காய்ச்சல் பரவுது, உடம்பு சுடுற ஆளை உள்ள விடாதீங்கன்னு. மஞ்சக் கோட்டுல நின்னு மெஷினைப் பாத்தா போதும், முகத்தோட சூட்டை அளந்து சொல்லிடும். தொடக்கூட வேண்டாம்."

"இதுவும் தொடாமத்தான் ஆளை உலுக்குது" என்றான் ரேடியோ.

"இது யாருன்னு பேசிக்கறாங்க?" அண்ணி கேட்டாள்.

முதலாளி கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பழைய கூடத்துல கூரை இடிஞ்சு விழுந்து ஒரு இஸ்திரிக்காரர் செத்துட்டாரு. மொதல்ல அவருன்னாங்க. இப்ப என் மனைவின்னு சொல்றாங்க."

அவர் மனைவியின் கதையை அண்ணி வரும் வழியிலேயே கேட்டிருந்தாள். போன மாதம் பெருமழையில் கார் ஆற்றுக்குள் பாய்ந்தது. காரைக் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். உள்ளே ஒரு செருப்பு இருந்தது. அவள் இல்லை. ஆறு கடலுக்குக் கொண்டுபோயிருக்கும் என்று சொல்லித் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"நான் பேய் பிசாசையெல்லாம் நம்பறவன் இல்ல" என்றார் முதலாளி. "மெஷின் கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இவங்க உள்ள வந்துடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒருவேளை அங்க ஆள் யாராவது ஒளிஞ்சிருந்தா, மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. போலீஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணி தலையாட்டினாள். அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குள் முள்ளாய்த் தங்கியது.

கேமரா மெக்கானிக் ஏற்கெனவே வந்து இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டி ஓய்ந்துபோயிருந்தார். இடுப்பில் கைப்பிடி வைத்த சின்னக் கேமரா ஒன்று தொங்கியது.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லங்க. தாளுக்குப் பின்னாடி ஆள் இருக்கலாம்னு நினைக்கறீங்களா? வாய்ப்பே இல்ல. இது வெளிச்சத்தைப் பாக்கற கேமரா இல்ல, சூட்டைப் பாக்கற கேமரா. கண்ணாடியையே தாண்டாது, பாருங்க." சின்னக் கேமராவை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று சிரித்தார். கண்ணுக்குச் சிரிப்பு தெரிந்தது. கேமராவில் ஜன்னல் மட்டும் இருண்ட பலகையாய்த் தெரிந்தது. "சாதாக் கண்ணாடியே இதுக்குச் சுவர் மாதிரி. அப்ப கறுப்புத் தாள்?"

"சரிதான்" என்றாள் அண்ணி. சரிதான் என்று அவள் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். ரேடியோவுக்குத் தெரியும்.

"அந்தக் கூடத்தை உள்ள போய்ப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் இடித்தது. காவலாளி. மீசையே பாதி முகம். "மிச்சக் கூரையும் விழுந்துடும்னு அந்தப் பக்கக் கதவைப் பூட்டி வெச்சிருக்கோம். சாவி என்கிட்ட. ஐயாவும் நானும் திறந்து பாத்தோம். ஈ காக்கா இல்ல. ஆனா நான் ஒரு நாள் சாயங்காலம் தனியா பாத்தேங்க. முடியை விரிச்சுப் போட்டுட்டு, காலு தரையில படாம..."

கேட்டருகே நின்ற பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"இங்க வந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி, மஞ்சள் கோட்டைக் காட்டி. "ஒவ்வொருத்தரா. பாத்ததை, கேட்டதை, அந்த மெஷினைப் பாத்துச் சொல்லுங்க."

முதலில் பட்டன் தைக்கும் பெண் வந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் நடுங்கியது. அண்ணி அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். அடுத்து வெட்டுமேஜைக்காரர். அடுத்து காவலாளி. அவர் கண்ணை உருட்டி, கையை விரித்து, கால் தரையில் படாத கதையைக் கூடுதலாக ஒரு முழம் நீட்டிச் சொன்னார்.

கடைசியில் அண்ணி ரேடியோவை நிறுத்தினாள்.

"எனக்கு என்ன தெரியும் சொல்றதுக்கு?"

"சொல்ல வேண்டாம். அது உன் பின்னாடி நிக்குது."

ரேடியோ துள்ளித் திரும்பினான். யாருமில்லை.

"விளையாடற நேரமா அண்ணி இது?"

"திரையில உன் மூக்கைப் பாரு."

முகமெல்லாம் ஆரஞ்சாக இருக்க, ரேடியோவின் மூக்கு நுனி மட்டும் நீலமாகிக்கொண்டிருந்தது.

"பயந்தா ரத்தம் மொதல்ல மூக்கு நுனியை விட்டுத்தான் ஓடும் போல" என்று அண்ணி முணுமுணுத்தாள். "பட்டன் தைக்கிற பொண்ணுக்கும் இப்படித்தான் ஆச்சு. வெட்டுமேஜைக்காரருக்கும் ஆச்சு. ஒருத்தருக்கு மட்டும் ஆகல."

"யாருக்கு?"

"அப்புறம் சொல்றேன். மூக்கைத் தேய், சூடு வரட்டும்."

மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு பெண் அவர்களுக்காகக் காத்திருந்தாள். இருபது வயதிருக்கும். அம்மா போன பிறகு அலுவலக மேஜையில் உட்காருகிற, முதலாளியின் மகள். கீழே அப்பா போனில் பேசும் சத்தம் கேட்கிறதா என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டாள்.

"எல்லாரும் உங்களை அண்ணின்னு கூப்பிடறாங்க. நானும் கூப்பிடலாமா?"

"கூப்பிடும்மா."

"அண்ணி, அதை ஓட்டிடாதீங்க." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பேயா இருந்தாலும் அது எங்கம்மா."

அண்ணி ஒரு படி மேலே ஏறி அவளுக்கு எதிரே நின்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தினமும் காலையில அப்பாகூடத்தான் வருவேன். கோட்டுல நின்னு திரையைப் பாப்பேன். என் முகம் தெரியும். தோளுக்கு மேல அம்மா முகம் தெரியும். மெஷின் கத்தற வரைக்கும் நகர மாட்டேன். வேற யாருக்கும் அது வெறும் முகம். எனக்கு அந்த மோவாய் தெரியும், அண்ணி. தலையை லேசா இடப்பக்கம் சாய்ச்சு வெச்சிருக்கறது தெரியும்." கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லல. சொன்னா மந்திரவாதியைக் கூட்டிட்டு வருவாரோன்னு பயம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வந்த புதுசுல நம்பர் சாதாரணமாத்தான் இருந்தது. இப்ப ஏறிட்டே போகுது. செத்த பிறகும் எங்கம்மாவுக்கு உடம்பு முடியாம இருக்குமா?"

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள்.

"உங்கம்மா மூக்குக்கண்ணாடி போடுவாங்களா?"

"போடுவாங்க. சோடாபுட்டி மாதிரி. கண்ணாடி இல்லன்னா வாசப்படி எதுன்னுகூடத் தெரியாது."

"சரி. மேல போய் எப்பவும் போல வேலையைப் பாரு. நான் ஆள் அனுப்பினா, ஏன் எதுக்குன்னு கேக்காம வா."

அவள் போனதும் அண்ணி படியிலேயே உட்கார்ந்தாள்.

"கண்ணாடியைத் தாண்டி அந்தக் கேமராவுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்ட எல்லாருக்கும் கண் இருக்கற இடம் கறுப்பாத்தான் தெரியும். இதுக்கு ஒரு கண் கறுப்பு, ஒரு கண் வெளிச்சம்."

ரேடியோ யோசித்தான். "ஒரு பக்கக் கண்ணாடி உடைஞ்சு விழுந்துடுச்சு!"

"பேய்க்குக் கிட்டப்பார்வை கிடையாதுடா. ஓடு, மெக்கானிக்கோட சின்னக் கேமராவை வாங்கிட்டு வா. சமையலறையில குப்பைக்கூடைக்குப் போடற கறுப்புப் பை இருக்கும், அதுல ஒண்ணு."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணி அந்தக் கறுப்புப் பையை ரேடியோவின் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"புதுப் பைதானே?"

"பேசாம நில்லு."

கண்ணுக்குத் தெரிந்தது கறுப்பு பிளாஸ்டிக் மட்டும்தான். கேமராவைத் தூக்கினாள். பை அங்கே இல்லவே இல்லாத மாதிரி, ரேடியோவின் முகம் நெற்றியிலிருந்து மோவாய்வரை பளபளவென்று தெரிந்தது. வாய் ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

கண்ணுக்கு வாசலாகத் தெரியும் கண்ணாடி இந்த இயந்திரத்துக்குச் சுவர். கண்ணுக்குச் சுவராகத் தெரியும் இந்த மெல்லிய தாள் அதற்கு வாசல். ஒன்று தாண்டாது என்றால் மற்றதும் தாண்டாது என்று மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

"அப்ப அந்தத் தாளுக்குப் பின்னாடி..."

"உயிரோட ஒரு பொம்பளை நிக்கறா. தாள் கொஞ்சம் சூட்டைக் குடிச்சிருக்கும். நூத்தியொண்ணுன்னு காட்டினா உண்மையில அதைவிட ஜாஸ்தி. இன்னைக்கு நிக்க முடியாம விழுந்ததைப் பாத்தியா? நமக்கு நேரமில்ல."

காவலாளி பின்கேட்டின் அருகில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"யாருங்க?"

"கால் தரையில படாதவங்க."

மீசை ஒருமுறை துடித்தது. "நீங்க என்ன சொல்றீங்கன்னு..."

"அண்ணே, பேய்க்கதை சொன்ன எல்லாருக்கும் மூக்கு சில்லிட்டுப் போச்சு. கேட்டுட்டு நின்ன இவனுக்கே போச்சு. உங்க மூக்கு மட்டும் அப்பதான் அடுப்புல இருந்து எடுத்த மாதிரி இருந்தது. உங்களுக்குப் பயமே இல்ல. ஊரையெல்லாம் பயமுறுத்தி, அந்தக் கதவுப் பக்கம் யாரும் வராமப் பாத்துக்கறீங்க."

காவலாளி டீ கிளாஸைத் தரையில் வைத்தார். அந்தப் பெரிய உருவம் அப்படியே குறுகிப்போனது.

"மாத்திரை வாங்கிக் குடுத்தேங்க" என்றார் அழுகைக் குரலில். "கேக்கவே மாட்டேங்குது. காலையில இருந்து பேச்சே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா காலைப் பிடிக்கறாங்க."

பூட்டைத் திறந்தார். உள்ளே, இடிந்த கூரை ஓட்டைகளின் வழியே வெயில் தூண் தூணாக இறங்கியிருந்தது. துருப்பிடித்த தையல் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றைத் தாண்டி, கறுப்புத் தாளின் ஓரத்தில், துண்டுத் துணி மூட்டைகளின்மேல் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் வெறும் வட்டம். அவள் தலைக்கு மேலே, தாளில் கண் உயரத்தில் நகத்தால் கீறிய சின்ன ஓட்டை.

அண்ணி நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். கொதித்தது.

"காரோட பின்கண்ணாடி உடைஞ்சிருந்துச்சாம், அது வழியா நீந்தி வெளிய வந்தேன்னாங்க" என்றார் காவலாளி. "எங்கயோ தோட்டத்துல கிடந்துட்டு, சேறும் ரத்தமுமா ஒரு சாயங்காலம் இங்க வந்து நின்னாங்க. போலீசுக்குப் போகலையாம்மான்னு கேட்டேன். போனாங்களாம். பெஞ்சுல உக்காந்திருக்கும்போது நம்ம ஐயா கார் வந்து நின்னுதாம். உள்ள இருந்த இன்ஸ்பெக்டர் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாராம். இவங்க தலையில முக்காடு போட்டுட்டுப் பின்வாசலால வந்துட்டாங்க. ஐயாகிட்டயாவது சொல்றேன்னு சொன்னேன். அப்பதான் காலைப் பிடிச்சாங்க. பொண்ணை ஒரு நாளாவது தனியாப் பாக்கணும், கூட்டிட்டுப் போயிடணும்னாங்க. ஐயா அந்தப் பொண்ணை ஒரு நிமிஷம் தனியா விடறதில்ல. கூடத்தைப் பாக்க ஐயா வந்த அன்னைக்கு இவங்களை இந்த மூட்டைகளுக்கு அடியில மறைச்சு வெச்சேங்க."

அந்தப் பெண் கண் திறக்காமல் ஏதோ சொன்னாள். அண்ணி குனிந்து காது கொடுத்தாள். "தெரிய வேண்டாம்" என்றாள் அவள். "அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அண்ணி எழுந்தாள். பின்கேட்டுக்கு ஆம்புலன்ஸ் வரச் சொன்னாள். போலீஸ் தலைமை அலுவலகத்தில் தனக்குத் தெரிந்த பெண் அதிகாரிக்குப் போன் செய்தாள். பிறகு ரேடியோவைத் தனியே அழைத்து நாலு வார்த்தை சொன்னாள். அவன் முகத்தில் விளையாட்டு வடிந்துபோனது.

முன்கூடத்துக்கு அவள் திரும்பியபோது முதலாளி பொறுமை இழந்து உலாத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"முடிஞ்ச மாதிரிதான். ஒரு சின்ன சோதனை பாக்கி. கோட்டுல நில்லுங்க. உங்களுக்குப் பயமில்லைங்கறதை ஆளுங்களுக்குக் காட்டினா நல்லது."

அவர் அலட்சியமாக நின்றார். கேட்டருகே இருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அது உங்க மனைவியோட ஆவின்னே வெச்சுக்குவோம்" என்றாள் அண்ணி சத்தமாக. "உங்களைப் பாக்கத்தான் வருது."

முதலாளி லேசாகச் சிரித்தார். திரையில் அவர் மூக்கு ஆரஞ்சு நிறத்திலேயே இருந்தது. உண்மையிலேயே அவர் பேயை நம்பாதவர்தான்.

அண்ணி அருகில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "இல்ல, ஆவி இல்ல. அவங்க சாகவே இல்லன்னு வெச்சுக்குவோம்."

சிரிப்பு அப்படியே இருந்தது. "அப்படி இருந்தா என்னைவிடச் சந்தோஷப்படறவன் யாரு?"

குரலில் பிசிறில்லை. கண்ணில் சலனமில்லை. ஆனால் திரையில், தண்ணீரில் மைத்துளி விழுந்த மாதிரி, அவர் மூக்கு நுனியில் ஒரு இருட்டுப் புள்ளி தோன்றியது. பரவியது. சிவந்தது, ஊதாவானது, நீலமானது.

அவர் தோளுக்கு மேலே அந்த ஒற்றைக் கண் முகம் மெல்ல எழுந்தது.

வெளியே ஒரு பெண் வீறிட்டாள். முதலாளி திரையையே பார்த்தார். அந்த ஒற்றைக் கண் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்திருந்தது. காய்ச்சல் இல்லை, தொண்ணூற்றெட்டுதான். மகள் தினமும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். கணவர் அதைப் பார்க்கவே இல்லை.

"பயப்படாதீங்க" என்றாள் அண்ணி, எல்லோருக்கும் கேட்கும்படி. "மெஷின் கோளாறேதான். இஸ்திரிப் பெட்டியோட ஆவி எங்கயோ பட்டுத் திரும்புது. நான் இவங்களை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய் விளக்கமாச் சொல்றேன். ஐயா நீங்க இங்கயே இருங்க."

முன்கூடம் காலியானது. வெளியே போன அண்ணி கதவை முழுக்கச் சாத்தவில்லை. கதவின் மறைவில், அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த பெண் அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலாளி வெட்டுமேஜையிலிருந்து துணி கத்தரிக்கும் பெரிய கத்திரியை எடுத்தார். திரையை ஒருமுறை பார்த்தார். முகம் அங்கேயே இருந்தது. கறுப்புத் தாளுக்கு எதிரே போய் நின்றார். அவர் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை, இருட்டைத் தவிர.

"நீதானா?" என்றார் தாளைப் பார்த்து. அது மிரட்டுகிற குரல் இல்லை. விளங்காத கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவனின் குரல். "கதவை நான்தானே பூட்டினேன். சாவி என் கையிலதானே இருந்தது. வண்டி முழுக்க முங்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தானே வந்தேன். எப்படி வெளிய வந்தே?"

கத்திரி பாய்ந்தது. தாள் மேலிருந்து கீழாகக் கிழிந்து இரண்டாய் விரிந்தது.

உள்ளே, ஒரு பக்கம் கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரேடியோ நின்றிருந்தான். கத்திரியின் முனை அவன் மார்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவன் நின்ற இடத்திலேயே நின்று பேசினான்.

"பின்கண்ணாடி வழியாங்க. கதவையெல்லாம் பூட்டினீங்க, அதை மறந்துட்டீங்க."

முதலாளி கத்திரியை ஓங்கவில்லை. அதை எதற்கு எடுத்தோம் என்று மறந்தவர் மாதிரி கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி வந்து அதை வாங்கிக்கொண்டபோது கொடுத்துவிட்டார். "நான் சொன்னதை யாரும் கேக்கலையே?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாரும் கேட்டோம்" என்றார் அதிகாரி.

ரேடியோ அதற்குப் பிறகுதான் துணி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தான். அண்ணி ஓடிவந்து அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "உங்கண்ணன் கேட்டா என்னைக் கொன்னே போட்டுடுவாருடா" என்றாள்.

"அவரு கேக்க மாட்டாரு, அண்ணி. நான் பேச ஆரம்பிச்சா அவரு தூங்கிடுவாரு."

ஆம்புலன்ஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. கேள்வி கேட்காமல் பின்கேட்டுக்கு ஓடிவந்த மகளும் அதிலேயே போயிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா கண் விழித்திருந்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாத கண்கள் மகள் இருந்த திசையைத் தேடித் தேடி நிலைத்தன. இருவரும் அதுவரை அதிகம் பேசியிருக்கவில்லை போலிருந்தது.

"தினமும் பாத்தேன்" என்றாள் அம்மா. "அந்த ஓட்டை வழியா. நீ வந்து எனக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பே. பின்னல் மட்டும்தான் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்ப மாட்டாளான்னு நினைப்பேன். மத்தவங்கெல்லாம் சட்டுனு போயிடுவாங்க. நீ மட்டும் நின்னுட்டே இருப்பே. திரும்பவே மாட்டே."

மகள் அம்மாவின் விரல்களை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"திரும்பினா தாள்தான் தெரியும்மா. திரையிலதான் நீ தெரிஞ்சே. உன்னைப் பாக்கறதுக்காகத்தான் உனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னேன்."

அம்மாவின் விரல்கள் அந்தக் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தன.

கதவைத் தட்டிவிட்டுப் பெண் அதிகாரி உள்ளே வந்தார். கூட எழுதிக்கொள்ள ஒரு ஆள். "இப்ப பேச முடியுமாம்மா?" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

மகள் எழுந்தாள். அப்பாவைப் பிடித்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கதவு வரை போய்விட்டு நின்றாள்.

அம்மா அண்ணியைப் பார்த்தாள். 'தெரிய வேண்டாம்' என்று காய்ச்சலில் பிதற்றியதை அண்ணி மறக்கவில்லை. ஆனால் முடிவு செய்ய வேண்டியவள் அம்மாதான்.

"வேண்டாம், அவ இருக்கட்டும்" என்றாள் அம்மா. "நாளைக்கு யார் வாயிலயோ கேக்கறதுக்கு என் வாயில கேக்கட்டும். இங்க வா, உக்காரு."

மகள் வந்து உட்கார்ந்தாள்.

"கூரை விழுந்து செத்தாரே இஸ்திரிக்காரர், அவரு குடிச்சுட்டுப் பூட்டை உடைச்சு உள்ள போனாருன்னு உங்கப்பா எழுதிக் குடுத்தாரு. அது பொய். கூரை விரிசல் விட்டிருக்குன்னு அந்த இஸ்திரிக்காரரே வந்து சொன்னாரு. வேலை நிக்கக் கூடாதுன்னு உங்கப்பாதான் அவரை உள்ள அனுப்பினாரு. நான் பக்கத்துல இருந்தேன். செத்தவரோட பொண்டாட்டிக்காகக் கோர்ட்டுல வந்து சொல்றேன்னு ஒத்துக்கிட்டேன். அதுக்கு முந்தின நாள் மழையில, பேசலாம் வான்னு வண்டியில கூட்டிட்டுப் போனாரு. ஆத்தங்கரையில இறங்கி, வெளிய இருந்து பூட்டிட்டு, வண்டியைத் தள்ளிவிட்டாரு. உங்கப்பாதான்."

எழுதுகிறவரின் பேனா நின்றது. அதிகாரிகூட மகளின் முகத்தைத்தான் பார்த்தார்.

மகள் அழவில்லை. கீழே குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலைப் பிடித்துக் கட்டிலோடு ஒட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவின் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றாள். "முழுசாச் சொல்லு."